வளைந்த குழாய்

காலை பத்து மணிக்குத் திரினெ செருகிய கண்ணாடிக் குழாய் பாதி வழியில் நின்றுவிட்டது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. மேசைமேல் மைக்ரோவேவ் அடுப்பு அளவில் உட்கார்ந்திருந்த அந்த என்எம்ஆர் கருவி, காந்தத்தால் மூலக்கூறுகளை அலசிப் பார்ப்பது, மூன்று ஆய்வுக் குழுக்களுக்குப் பொது. குழாய் உள்ளே உடைந்தால் பெட்டி கட்டி, கருவியைத் தயாரித்த நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டும். திரும்பி வர ஆறு வாரம். அவள் ஆய்வேட்டைக் கொடுக்க நான்கு வாரம்தான் இருந்தது.

ஓடன்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தின் அந்த ஆய்வகத்துக்கென்று ஒரு வழக்கம். தப்புச் செய்தவர் வெள்ளைப் பலகையில் பெயரையும் தப்பையும் எழுதி, வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். மற்றவர்களுக்கு அது விளையாட்டு. உடன் ஆய்வு செய்யும் அஸ்கரின் பெயர் ஐந்து இடத்தில் இருந்தது. அவன் அப்பா பேராசிரியர், அம்மா மருத்துவர். அவன் எதை உடைத்தாலும் அது வெறும் உடைசல். எஸ்பியர் துறைமுகத்து மீன் ஆலையில் பெட்டி தூக்குகிறவரின் மகள், வீட்டிலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படி மிதித்த திரினெ உடைத்தால், 'இதுக்கெல்லாம் எதுக்குப் படிப்பு' என்றாகிவிடும். யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லாமல் நினைக்கிறார்களோ என்பதுதான் அவளுக்கு ஆத்திரம். ஒன்றரை வருடமாகப் பலகையில் தன் பெயர் ஏறாமல் பார்த்துக்கொண்டாள்.

"என்ன, கல்லாட்டம் நிக்கிற?" அஸ்கர் எட்டிப் பார்த்தான். "ஓ! மாட்டிக்கிச்சா?" என்றபடி இழுப்பறையைத் திறந்து ஒரு குறடு எடுத்தான்.

"டேய், வை அதை! இரும்புடா! உள்ள காந்தம்!"

அவன் துள்ளிப் பின்வாங்கினான். "யப்பா! இந்தத் தொண்டைய வச்சு மீன் ஏலம் விடலாம்."

"விட்டிருக்கேன். பதினாறு வயசுல. தள்ளி நில்லு."

புதிய ரப்பர் கையுறையை மாட்டி, குழாயின் கழுத்தைப் பிடித்தாள். இழுக்கவில்லை, சாய்க்கவில்லை. மயிரிழை திருப்பல், மயிரிழை தூக்கல். அஸ்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். குழாய் முழுசாக வெளியே வந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

கழுவித் துடைத்து மேசையில் உருட்டினாள். நொண்டி வாத்து மாதிரி ஆடி ஆடிப் போனது. வளைவு. ஏன் என்று யோசிக்கவே தேவையில்லை. குழாய்களைப் படுக்கவைத்துத்தான் காயவைக்க வேண்டும், சூட்டடுப்பு கூடாது, செருகுமுன் உருட்டிப் பார்க்க வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்தது. நேற்று அவசரத்தில் எட்டுக் குழாய்களை ஒரு குவளையில் சாய்த்து நிறுத்தி, சூட்டடுப்பில் வைத்தவள் அவளேதான்.

அஸ்கர் குரலைத் தாழ்த்தினான். "யாரும் பாக்கல. குப்பையில போடு. நான் வாயத் திறக்க மாட்டேன்."

"உன் தருமம் எனக்கு வேணாம்."

எழுந்து போய் எழுதினாள்: திரினெ. நிற்கவைத்துச் சூட்டில் காயவைத்தேன். உருட்டிப் பார்க்காமல் செருகினேன். எழுத்துகள் கோபமாகப் பெரிதாக விழுந்தன.

கருவிக்குப் பொறுப்பான பிர்கிட்டெ காப்பிக் கோப்பையோடு வந்து பலகையைப் படித்தாள். திரினெ கையுறையைக் கழற்றாமல் காத்திருந்தாள்.

"அப்பாடா!" என்றாள் பிர்கிட்டெ. "இந்தப் பொண்ணோட கேக் சாப்பிடாமலே ரிட்டையர் ஆயிடுவேனோன்னு இருந்தேன். ஆப்பிள் போடு, சாக்லேட் வேணாம். கருவிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல."

"குவளையில மிச்சம் எத்தனை இருக்கு?"

"ஏழு."

பிர்கிட்டெ கோப்பையை ஓரம் வைத்தாள். மிச்சக் குழாய்களையும் உருட்டிப் பார்க்க மூவரும் மேசைமேல் குனிந்தார்கள். திரினெ இந்த முனையிலிருந்து உருட்ட, அந்த முனையில் அஸ்கர் இரண்டு கைகளையும் விரித்து நின்றான். முதல் குழாய் தள்ளாடி வழியிலேயே கோணிக்கொண்டது. இரண்டாவது ஜன்னல் வெளிச்சத்தைச் சுமந்துகொண்டு, சத்தமே இல்லாமல், நேராக அவன் உள்ளங்கைக்குப் போய்க்கொண்டிருந்தது.