விபூதி போட்டுத் துலக்கிய பதக்கம்

கிட்ட வாங்க கண்ணுகளா, காலை நீட்டி உட்காருங்க. பந்தும் உதைத்து, கிரிக்கெட் மட்டையும் பிடித்த ஒரு வெள்ளைக்காரனால் நம்ம பள்ளுருத்திப் பொன்மணி பட்ட பாட்டைச் சொல்கிறேன். பயப்படாதீங்க, அழுகிற கதை இல்லை.

பொன்மணி எர்ணாகுளத்து ஹோட்டலில் பத்து வருஷம் பாத்திரம் தேய்த்துக் கை வெந்து போனவள். கொச்சி மட்டாஞ்சேரியில், மலையாளத்துக்காரன் ரதீஷின் பழம்பொருள் கடையில் தூசி தட்டும் வேலைக்கு வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. விரலிடுக்குப் புண்கள் அப்போதுதான் ஆறத் தொடங்கியிருந்தன. அதற்குள் அந்த வெள்ளிப் பதக்கம் அவள் கண்ணில் பட்டது.

கரிச்சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. அதைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து ஆள் வருகிறது என்று ரதீஷ் காலையில்தான் சொல்லியிருந்தான். ஆள் வருகிற நேரத்தில் வெள்ளியை இப்படியா வைப்பது? வீட்டில் குங்குமச் சிமிழைத் துலக்குகிற மாதிரி, பையிலிருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து, தேய் தேய் என்று தேய்த்துவிட்டாள். ஒரு பக்கம் பந்து, மறுபக்கம் மட்டையும் மூன்று குச்சியும் பளிச்சென்று எழும்பி வந்தன.

ரதீஷ் தலையில் கை வைத்தான்.

“எந்தா சேச்சி இது! நூறு வருஷத்துக் கறுப்பில்லே அது? பேரும் பாதி தேஞ்சு போச்சு!”

“அழுக்குன்னு நெனச்சேன் சாரே.”

“இங்க அழுக்குக்குத்தான் விலை. அவங்க வேண்டாம்னு போனா, சேச்சியும் நாளையிலேர்ந்து வர வேண்டா.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “கண்மை உண்டோ? கொஞ்சம் பூசிடலாம்.”

பொன்மணி மை டப்பாவைத் திறந்து விரலில் தொட்டும் விட்டாள். அதற்குள் அந்த இங்கிலாந்து அம்மாள் உள்ளே வந்துவிட்டாள். எடித் என்று பேர், எழுபது வயதிருக்கும். பதக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். ரதீஷ் பொய்க்கு வாயைத் திறந்தான்.

“நான்தான் தேச்சேன்னு சொல்லிருங்க சாரே,” என்றாள் பொன்மணி. மறுபடி அந்த ஹோட்டல் பாத்திரத் தொட்டிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ரதீஷ் வேறு வழியில்லாமல் சொன்னான். எடித் பையிலிருந்து பழைய கடிதம் ஒன்றை எடுத்து வாசிக்க வாசிக்க, அவன் தமிழில் சொன்னான். எழுதியது அவள் பாட்டியின் தம்பி. குளிர்காலத்தில் ஊர் அணிக்குப் பந்தாட்டம், கோடையில் கிரிக்கெட். இரண்டிலும் கெட்டிக்காரன் என்று ஊரே சேர்ந்து கொடுத்த பதக்கம் அது. ஒரு நாள் முட்டி உடைந்தது, இரண்டு ஆட்டமும் ஒன்றாகப் போயின. கப்பலேறிக் கொச்சியில் தேயிலைக் கம்பெனிக் குமாஸ்தா ஆனான்.

‘இந்த உப்புக்காற்று பதக்கத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே இருக்கிறது அக்கா. நானும் விடுவதில்லை. ஞாயிறுதோறும் அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறேன். என் பேர் பாதி அழிந்துவிட்டது. பந்தும் மட்டையும் இருக்கின்றன, போதும்.’

எடித் பொன்மணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அந்த வெள்ளைக் கையெல்லாம் மை.

“அவர் வெச்சிருந்த மாதிரியே இருக்காம்,” என்றான் ரதீஷ். விலையைக் கொடுத்து, பதக்கத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எடித் போன பிறகு, தொண்டையைச் செருமினான். “நாளைக்கு ஒம்பது மணிக்கு வா சேச்சி. அந்தப் பித்தளை யானையை மட்டும் தொட வேண்டா, கேட்டோ!”

பொன்மணி விட்ட மூச்சில் மேஜைத் தூசியே பறந்திருக்கும்.

உங்க வீட்டிலும் பயந்த காரியமெல்லாம் இப்படியே லேசாக முடியட்டும். வேலைக்குப் போனவங்க சிரித்த முகமாகத் திரும்பட்டும், உலை பொங்கட்டும், பிள்ளைகுட்டியோடு நல்லா இருங்க.