ஆணி அடிக்காத குடித்தனக்காரர்

அந்த ஊரில் வீடு வாங்குகிறவர் போடும் நிபந்தனைகளை வீடுதான் நிறைவேற்றும். வாங்குகிறவர் கூடத்தில் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வீட்டால் முடியவில்லையென்றால் முன்பணம் திரும்பிவிடும். முடிந்துவிட்டால் வாங்கியே ஆக வேண்டும்.

சிவசைலம் விருப்ப ஓய்வில் வந்தபோது கிடைத்த தொகைதான் அவருக்கும் மனைவி பிரமுவுக்கும் கடைசிவரை. அதை ஒரு வீட்டில் போட்டு வாடகையில் காலம் தள்ள நினைத்தார். மூன்று வீடுகள் அவர் நிபந்தனைகளைத் தாங்காமல் விலகிவிட்டன. நான்காவதாக ஒரு மஞ்சள் வீட்டைக் காட்டும்போதே தரகர் லூர்து சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி, இதுவும் போச்சுன்னா என்னைக் கூப்பிடாதீய. மத்த வீடெல்லாம் உங்க தலையைக் கண்டாலே கதவைச் சாத்திக்கிடுது."

சுவரில் விரிசல் இருக்கக் கூடாது என்றார் சிவசைலம். மஞ்சள் வீடு மூச்சை இழுத்துப் பிடித்தது, விரிசல்கள் மூடிக்கொண்டன. வங்கிக் கடன் கிடைக்க வேண்டும் என்றார். வீடு வங்கிக்குப் போய் வரிசையில் நின்றது. வெளிச்சத்தை மறைக்கிறதே என்று மேலாளர் முதலில் அதன் மனுவையே எடுத்தார். பஸ் ஸ்டாண்டு நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும் என்றார். ஞாயிறு மத்தியானம் வீடு வேப்பமரத்தையும் அழைத்துக்கொண்டு நான்கு தெரு தள்ளி வந்து அமர்ந்தது. அங்கிருந்தவர்கள் துணிக்கொடியை நகர்த்திக் கட்டிக்கொண்டார்கள்.

சிவசைலத்துக்குக் கலக்கமாக இருந்தது. நிபந்தனை என்பது திரும்பி வர ஒரு வழி. உள்ளே போகும் முன்பே வெளியேறும் வழியைத் தேடுகிறவன் எந்த இடத்திலாவது முழுசாக இருந்திருக்கிறானா என்று யோசித்தார்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவே செருப்பைக் கழட்டாமத்தானே வாசல்ல நின்னீய" என்றாள் பிரமு.

அவர் கடைசி நிபந்தனையைச் சொன்னார். தேதி தவறாமல் வாடகை கொடுக்கிற, சுவரில் ஒரு ஆணிகூட அடிக்காத குடித்தனக்காரர் பத்திரப்பதிவுக்கு முன்பே கிடைக்க வேண்டும். அப்படி ஒருவர் ஊரில் கிடையாது என்று நிம்மதியாக நினைத்தார்.

பதிவு நாள் காலையில் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது அவர்கள் குடியிருந்த பழைய சொந்த வீடு அங்கே இல்லை. வெறும் மனையில் பாத்திரங்கள் தேய்த்துக் கவிழ்க்கப்பட்டிருந்தன. லூர்து பீரோவில் சாய்ந்து நின்றிருந்தார்.

"மஞ்சள் வீடு ஊரெல்லாம் விசாரிச்சிருக்கு, அண்ணாச்சி. இருபது வருசமா சொந்தச் சுவர்ல ஆணி அடிக்காத ஆளு நீங்க ஒருத்தர்தான். உங்க வீடும் உங்களைப் பத்தி நல்லபடியாச் சொல்லி, விட்டுக்கொடுத்துட்டுப் போயிட்டுது."

"வாடகை?"

"நீங்க கொடுப்பீய, நீங்களே வாங்குவீய. ஒரு மாசம் பாக்கி நிக்குமா?"

மறுக்கச் சிவசைலத்திடம் நிபந்தனை எதுவும் மிச்சமில்லை. பதிவு முடிந்ததும் பிரமு முன்னால் போய், வீட்டுக்காரியாக உள்ளே நின்றுகொண்டாள். அவர் வாசலில் நின்று கதவைத் தட்டினார்.

"வாடகைக்கு இடம் இருக்கா?"

"எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு. நானும் நீயும்."

"அப்போ ஒரே ஒரு நிபந்தனை. செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

அவர் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். செருப்புகள் மட்டும் தெருமுனை வரை நடந்து, பஸ் ஏதும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து வேப்பமரத்தடியில் ஒதுங்கின.