பூட்டைப் பற்றி மட்டும்

கடப்பாரையைத் துடைத்துக் கதவோரம் சாய்த்துவிட்டு, கைகூடக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார் என் கணவர். நான் தட்டை வைக்காமல் ஒரு தாளை வைத்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். ஆஸ்பத்திரிப் போர்வைகள் மலைமலையாக வரும். அவர் இஸ்திரி எந்திரத்தில், நான் மடிப்பு மேசையில். துணி திருட்டுப் போகிறது என்று சொல்லி, வேலை நேரம் முழுக்க மேனேஜர் கதவை வெளிப்பக்கம் பூட்டிவைக்கிறார். அன்று மதியம் நீராவிப் புழுக்கத்தில் பக்கத்து மேசை அக்கா மயங்கி விழுந்தாள். கதவைத் தட்டித் தட்டி என் கை வீங்கியது. சாவி வருவதற்குள் அவள் உதடெல்லாம் வெளுத்துவிட்டது. எப்படியோ பிழைத்துக்கொண்டாள். இஸ்திரிக்காரர்கள் கொதித்துப்போனார்கள். நாளைக் காலை கதவை உடைப்பது, தடுத்தால் மேனேஜர் மண்டையையும் உடைப்பது என்று முடிவு. முன்னால் நிற்கப்போவது என் வீட்டுக்காரர். போலீஸ் இவரை அள்ளிக்கொண்டு போனால் என் கதி என்ன என்று இவருக்குத் தோன்றவே இல்லை.

தாளில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: பூட்டை எடுக்கும்வரை யாரும் உள்ளே போக வேண்டாம், யார் மேலும் கை வைக்க வேண்டாம்.

படித்துவிட்டுச் சிரித்தார். "பயந்தாங்கொள்ளிங்கன்னு சொல்லுவான்."

மறுத்துப் பேசினால் இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் அவர் சொன்னதையே எழுதினேன்: 'நம்மைப் பயந்தாங்கொள்ளிகள் என்பார்கள். சொல்லட்டும். அழுக்குப் போர்வையை அந்த வாயா துவைக்கும்?'

எட்டிப் பார்த்தார். "வெளியாளுங்களக் கூட்டிட்டு வருவான்."

'வந்தால் வழிவிடுங்கள். உள்ளே மயக்கம் வந்தால் சாவி யாரிடம் இருக்கும் என்று மட்டும் அவர்களைக் கேளுங்கள்.'

சாப்பாட்டை மறந்துவிட்டார். "சரி, அடிச்சா?"

பேனா நின்றது. பொய் எழுத மனம் வரவில்லை. 'அடித்தால் வலிக்கும். ஆனால் நாம் திருப்பி அடித்தால் பூட்டுப் பேச்சு அதோடு போய்விடும். அடிதடிப் பேச்சுதான் ஊரெல்லாம் ஓடும். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.'

தாளைத் தன் பக்கம் இழுத்து மறுபடி படித்தார். "அந்தக் கடைசி வரியக் கொஞ்சம் பெருசா எழுது" என்றார்.

காலையில் வெறுங்கையோடு கிளம்பினார். மனசு மாறிவிடப் போகிறதே என்று நான் வாயே திறக்கவில்லை. கூடத்து வாசலில் எல்லாரையும் உட்காரவைத்துச் சத்தமாகப் படித்தார். அவருடைய சேக்காளி முட்டைக்கண்ணன் ஒவ்வொரு வரிக்கும் குறுக்கே விழுந்தான். நேற்று இவர் என்னிடம் கேட்ட அதே கேள்விகள். இவரோ பிறக்கும்போதே பதிலோடு பிறந்தவர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது.

படித்து முடிப்பதற்குள் மேனேஜர் வந்து பூட்டைத் திறந்தார். "ம், உள்ள போங்க."

யாரும் அசையவில்லை. "பூட்ட எடுத்துட்டுப் போயிடுங்க சார், வர்றோம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் கடுகடுவென்று முதலாளிக்குப் போன் செய்யத் தனியாக உள்ளே போனார். பூட்டும் சாவியும் வெளியே கொண்டியிலேயே தொங்கின. முட்டைக்கண்ணன் அதைப் பார்த்துவிட்டான்.

"அண்ணே, அவரும் கொஞ்சம் வேகட்டும்" என்று கதவை இழுத்தான்.

என் கணவர் எழுந்தார். இவரும் சேர்ந்து பூட்டப்போகிறார் என்றே நினைத்தேன். விறுவிறுவென்று போனவர், கதவை அவன் கையிலிருந்து பிடுங்கிச் சுவரோடு சேர்த்துத் தள்ளினார். அது மூடாதபடி முதுகைச் சாய்த்து, கால் நீட்டித் தரையில் உட்கார்ந்தார். தாளைப் புரட்டி, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். எந்திரங்கள் ஓடாததால் அவர் குரல் உள்ளே மடிப்பு மேசைவரை போய்க்கொண்டிருந்தது.