வாசல் கேமராவில் ஃபோசுவா

ஒபிரிக்கு எதிரில் ரெக்கார்டரைப் பற்றி யாரும் வாயைத் திறக்க முடியாது. கானாவில் குமாசி நகரத்தின் பாதிச் சாவுகள் அவர் தோளில் இருந்த வீடியோ கேமராவுக்குள் போய்த்தான் கேசட்டாக வெளியே வந்தன. கேசட்டுக்குக் காலம் போய், மனைவி எஸியின் கடையில் ஐஸ் மீன் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்ட பிறகும், ஊர் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டது. அதில் அவருக்கு வந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு தடவை கடைப் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள் என்று கேமரா மாட்ட லார்ட்டேயைக் கூப்பிட்டார்கள். அவனும் நாற்பதைத் தாண்டியவன், தொழில் தெரிந்தவன். வாசலுக்கு ஒன்று, கடைக்குள் ஒன்று என்று மாட்டி, ரெக்கார்டர் பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு விளக்க ஆரம்பித்தான்.

"மாஸ்டர், எதிர்ல ஏதாவது அசைஞ்சாத்தான் இது பதியும். இல்லேன்னா சும்மா கிடக்கும். அப்புறம், உள்ள இடம் ரொம்பிடுச்சுன்னு வைங்க..."

"டேய், நிறுத்துடா. நீ டவுசர் இல்லாம திரிஞ்ச காலத்துலயே நான் ரெக்கார்ட் பண்ணவன். எனக்கே பாடம் எடுக்கறியா?"

"இது கேசட் இல்ல மாஸ்டர்."

"பதியறதெல்லாம் ஒண்ணுதான். உள்ள சோளமாவுக் கெங்கே உருண்டையும் வறுத்த மீனும் இருக்கு, தின்னுட்டுக் கிளம்பு."

கல்லாவில் இருந்த ஃபோசுவா வாய்விட்டுச் சிரித்தாள். ஒரே மகள். அப்பாவை நக்கலடிக்கும் உரிமை அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான். "ஊர்ல இருக்கற எல்லார் பொண்ணையும் படம் புடிச்சீங்களே, என்னைப் புடிச்ச கேசட் ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்," என்றாள்.

ஒபிரி காதில் விழாதவர் போல மீனை எடை போட்டார். ஒரு கேசட் இருந்தது, அவளுக்குப் பெயர் வைத்த அன்றைக்கு எடுத்தது. அதன் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லை உடைத்து வைத்திருந்தால் அதன்மேல் வேறொன்றைப் பதிய முடியாது. அவசரத்தில் உடைக்க மறந்து, யார் வீட்டுச் சாவையோ அதிலேயே பதிந்துவிட்டார். எஸி இன்னமும் அதை மன்னிக்கவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் ஃபோசுவா வேலை விஷயமாக அக்ராவுக்குக் கிளம்பினாள். அவள் ஏறின பேருந்து பாதி வழியில் மரம் ஏற்றி நின்ற லாரியில் மோதியது. உடலைக் கொண்டுவந்து, எல்லோரும் துக்கத்துக்குரிய கறுப்பும் சிவப்பும் உடுத்தி, அடக்கம் செய்தார்கள். அவள் போனும் அவளோடே நொறுங்கிப்போயிருந்தது. மிச்சம் இருந்தவை அசையாத போட்டோக்கள்தான்.

அடக்கம் முடிந்தபின்தான் ஒபிரிக்கு வாசல் கேமரா ஞாபகம் வந்தது. அவள் கிளம்பின காலையைத் தேடிப் பிடித்தார். இருந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்து, உள்ளே திரையில் அப்பா பார்த்துக்கொண்டிருப்பார் என்று நாக்கைத் துருத்தி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி ஆடிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனாள். சத்தம் கிடையாது. எஸி திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"இன்னொரு வாட்டி போடுங்க ஃபோசுவா அப்பா."

"வேணாம். சும்மா சும்மா போட்டா தேஞ்சுடும். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து பார்க்கலாம்."

எத்தனையோ சாவு வீட்டுக் கேசட்டுகள், துக்கம் தாளாமல் திரும்பத் திரும்பப் போட்டே கோடு விழுந்து பாழானதைக் கண்ணால் பார்த்தவர். மகளையும் அப்படிப் பறிகொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். தாய் அழுது கேட்டும் சாவி இறங்கவில்லை. அன்பில் செய்ததுதான், இருந்தாலும் என்ன அன்போ அது.

துக்கம் கேட்க வந்த லார்ட்டே தயங்கித் தயங்கிச் சொன்னான். "மாஸ்டர், அதை ஒரு காப்பி எடுத்துத் தந்துடறேன். அம்மா போன்லயே வச்சுப் பார்க்கலாம்."

"காப்பி எடுத்தா முகம் மங்கும்டா. எம் பொண்ணை மங்கலாவா பார்க்கச் சொல்ற?"

"இதுல மங்காது மாஸ்டர். விட்டா தானா அழிஞ்சு..."

"எப்படி அழியும்? ரீவைண்ட் பண்ணாத்தானே பழசு மேல ஏறும்? சாவி எங்கிட்ட இருக்கு. பெட்டிக்குள்ள போனது எங்கயும் போகாது. நீ போ."

சிவப்புத் துணியில் இருக்கும் தகப்பனோடு யார் மல்லுக்கு நிற்பது? லார்ட்டே எழுந்து போய்விட்டான்.

முதல் சில ஞாயிறுகள் பார்த்தார்கள். அப்புறம், நாற்பதாம் நாள் சொந்தக்காரர்கள் எல்லோரும் வருகிறபோது பளிச்சென்று இருக்கட்டும் என்று ஒபிரி அதையும் நிறுத்திவிட்டார். எஸி தினமும் காலையில் கடை திறக்கும் முன் வாசலில் போய் வெகுநேரம் நிற்பாள். மீன் வண்டிக்குக் காத்திருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நாற்பதாம் நாள் வந்தது. முற்றத்தில் பந்தலும் நாற்காலியும் நிறைந்தன. உள்ளே எஸி திரைக்கு முன்னால் முதலில் வந்து உட்கார்ந்தாள். முகத்தைக் கழுவித் துடைத்து, மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களை எதிர்கொள்வது போல உட்கார்ந்திருந்தாள். ஒபிரி பூட்டைத் திறந்து அந்தத் தேதியைத் தேடினார். தேதி இல்லை. அதற்கு அடுத்த நாள் இல்லை, அடக்கத்து நாளும் இல்லை. "லார்ட்டேயைக் கூப்பிடுங்க," என்றார்.

பந்தலில் இருந்த லார்ட்டே ஓடிவந்து, குனிந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"போச்சு மாஸ்டர். இடம் ரொம்பினா இது நிக்காது. பழசு மேலயே தானா ஏறிப் பதியும். அன்னிக்கே சொல்ல வந்தேன்."

"பல்லு... உடைக்கற பல்லு எதுவும் கிடையாதா?"

"கிடையாது மாஸ்டர்."

திரையில் இப்போது இருப்பதிலேயே பழைய காட்சி ஓடியது. வாசலில் எஸி. ஃபோசுவா பை வைத்த அதே இடத்தில் நின்று அண்ணாந்து கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் பேசின, உதடுகள் அசைந்தன. மறுநாள் காலையும் எஸி. அதற்கு மறுநாளும் எஸி. தினமும் அரைமணி, ஒரு மணி என்று நின்றிருக்கிறாள்.

"இதென்ன?" என்றார் ஒபிரி.

எஸி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீங்கதானே சொன்னீங்க, பெட்டிக்குள்ள போனது எங்கயும் போகாதுன்னு. அவ உள்ள தனியா இருப்பாளேன்னு நானும் போய் நின்னேன். துணைக்கு."

லார்ட்டேக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "வழக்கமா இது ரொம்பறதுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். சீக்கிரமே ஏன் ரொம்புச்சுன்னு பார்த்தேன். அசைவு அதிகமா இருந்தா... அம்மா தினமும் அங்க நின்னதால..."

ஒபிரி அவன் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தார். லார்ட்டே வாயை மூடிக்கொண்டான்.

"என்னாலதான் போச்சு," என்றார் ஒபிரி. "இவன் படிச்சுப் படிச்சுச் சொன்னான், நான்தான் கேக்கல. எனக்கு இந்தப் பெட்டியைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது எஸி."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்து எஸி கேட்டதில்லை. எப்போதோ வந்திருக்க வேண்டிய சொல், வந்த நேரத்தைப் பாருங்கள். அவள் அவரைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"நான் நின்னதால எதுவும் ஆகலையே?" என்று மட்டும் கேட்டாள்.

"சே, அதெல்லாம் இல்ல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு லார்ட்டேயின் முகத்தைப் பார்த்தாள். லார்ட்டே ஒயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். எஸி எழுந்து, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் ஒபிரி திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். அலமாரி திறந்தே கிடந்தது. எஸி வாசலுக்கு வருவாள், இன்றைக்காவது பக்கத்தில் போய் நிற்கலாம் என்று காத்திருந்தார். எஸி பின்பக்கக் கதவு வழியாகக் கடைக்குள் போய் மீன் பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. திரையில் வாசல் வெறிச்சென்று கிடந்தது. அங்கே அசைவு எதுவும் இல்லாததால் பெட்டி எதையும் பதியவில்லை.