காலி காட்டும் முள்

பொழுது விடிகிற நேரத்தில் ஊரில் மற்றவர்கள் வாயில் டீ இருக்கும். எங்கள் வாயில் பெட்ரோல் இருக்கும்.

பட்டறைக்கு வந்த பழைய பிக்கப் வண்டியின் பக்கத்தில் குந்தி, டாங்குக்குள் விட்ட ரப்பர்க் குழாயை வாயில் கவ்வி, கன்னம் ஒட்ட ஒட்ட உறிஞ்ச வேண்டும். வருகிறதா வருகிறதா என்று இழுத்துக்கொண்டே இருந்தால் ஒரு சமயம் வந்தே விடும், சொல்லாமல் கொள்ளாமல், தொண்டை வரைக்கும். துப்பிவிட்டுக் குழாயை வாளிக்குள் தாழ்த்த வேண்டும். மிச்சம் தானாக இறங்கிவிடும். நாக்கு மட்டும் சாயங்காலம் வரை எரியும். மத்தியானம் சோற்றில் கை வைத்தால் ஏப்பமாக வருவது அதே பெட்ரோல்தான். சீ, என்ன பிழைப்பு என்று தட்டை மூடி வைத்துவிடுவேன்.

டாங்க் காலியானதும் வண்டிக்கு அடியில் போய் மல்லாந்து படுக்க வேண்டும். ஜாக்கி மேல் பலகை, பலகை மேல் டாங்க், டாங்கைத் தாங்கும் இரண்டு இரும்புப் பட்டைகள். அந்தப் பட்டைகளின் போல்ட்டு, வண்டி வாங்கின நாளிலிருந்து ஒருவரும் தொடாத போல்ட்டாக இருக்கும். ஸ்பேனரை வைத்துத் தொங்கினால் துருதான் முதலில் கழன்று கண்ணில் விழும். டாங்கை மெல்ல நெஞ்சுக்கு மேல் இறக்கி, வெளியே இழுத்து, அதன் தலையில் இருக்கும் வளையத்தைப் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டித் திருப்ப வேண்டும். பித்தளைதான், இரும்பு கூடாது. இரும்பு மேல் இரும்பு பட்டால் பொறி வரும்.

இத்தனையும் எதற்கு? உள்ளே இருக்கிற ஒரு மிதவைக்காக. பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். அது ஆடுகிறபடிதான் டிரைவருக்கு முன்னால் இருக்கும் மீட்டர் முள் ஆடும். பழைய வண்டிகளில் மிதவை ஓட்டையாகி மூழ்கிக் கிடக்கும், அல்லது அதன் கம்பிச் சுருள் அரித்துப்போயிருக்கும். பிறகு முள் வாய்க்கு வந்ததைச் சொல்லும். எங்கள் முதலாளி வாடகைக்கு விடும் வண்டிகளெல்லாம் அடுத்தவன் கழித்துக் கட்டிய வண்டிகள். ஒன்றின் முள்ளாவது உண்மை பேசினதில்லை. ஒரு டிரைவர் எப்போதும் ஒரு நீளக் குச்சியோடுதான் வண்டி ஏறுவார். டாங்கில் விட்டு எடுத்து, ஈரம் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். குச்சிக்காரர் என்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது.

முன்பு பட்டறையில் ஒரு கைப்பம்பு இருந்தது. அது உடைந்தபோது புதிது கேட்டோம். முதலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"பம்பு எதுக்குய்யா? வாய் இருக்குல்ல?"

அன்றிலிருந்து எங்கள் வாய்தான் பம்பு. ஒரு நல்லதும் நடந்தது. எங்களில் பாதிப்பேர் சிகரெட் பிடிக்கிறவர்கள், ஒவ்வொருவராக விட்டுவிட்டோம். பெட்ரோல் ஏப்பம் விடுகிறவன் மூஞ்சிக்கு எதிரே தீக்குச்சி கிழிப்பானா? பெண்டாட்டி அழுதும் நிற்காத பழக்கத்தை முதலாளியின் கஞ்சத்தனம் நிறுத்திவிட்டது என்று மாப்பிள்ளை சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

மாப்பிள்ளை என் தங்கை புருஷன். பட்டறையில் கூட்டாளியாக இருந்தவன்தான், பிறகு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டான். நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எல்லாருக்குமே அவன் மாப்பிள்ளை. மிதவையைக் கழற்றுவதும் மாட்டுவதும் நாங்கள் இருவரும். கழற்றினதை மேஜையில் வைத்து, சுருளைத் தேய்த்து, புதுக் கம்பி பற்றவைத்து உயிர் கொடுப்பது வயரிங் அக்கா. அக்கா அதிகம் பேசமாட்டாள். பேசினால் பற்றவைத்த கம்பி மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் முதலாளி ஒரு நாள் கைவைத்தார். மாதச் சம்பளம் கிடையாது, இனிமேல் வண்டிக்கு இவ்வளவு என்றார். முறையாக டாங்கை இறக்கி ஏற்ற அரை நாள் போய்விடும், கிடைப்பது வாய் கொப்பளிக்கக்கூடக் காணாது. முனகினோம். அதற்கும் முதலாளி வழி வைத்திருந்தார். டாங்கை எதற்கு இறக்குகிறீர்கள், சரக்கு ஏற்றும் பின்பக்கத் தரைத் தகட்டில் மேலேயிருந்தே ஒரு கதவு மாதிரி வெட்டுங்கள், கையை விடுங்கள், மிதவையை எடுங்கள் என்று எங்களை வேலை வாங்கும் மேஸ்திரியிடம் சொல்லியனுப்பினார். கிரைண்டரால் வெட்ட வேண்டும். தகட்டுக்கு நேர் கீழே டாங்க்.

பெட்ரோலை எடுத்துவிட்டு, டாங்கைத் தண்ணீரால் நிரப்பிய பிறகாவது வெட்டலாம் என்று நான் சொன்னேன். பிறகு காயவைக்க யார் காத்திருப்பது என்று மேஸ்திரி கேட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சாயங்காலத்துக்குள் எத்தனை முடிந்தது என்று மேலேயிருந்து அவர் கழுத்தில் கத்தி. முதல் வண்டியை வெட்டினோம், ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வினையாகிப் போனது.

அடுத்த வண்டி வந்தபோது நான் குழாயைத் தேடிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி வண்டிக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். முள் அசையாமல் அடியில் கிடந்தது.

"டாங்க் காலிய்யா. என்னத்தை உறிஞ்சப்போற? வெட்டு."

மாப்பிள்ளையும் எட்டிப் பார்த்தான். நானும் பார்த்தேன். காலிதான். மாப்பிள்ளை வண்டி மேல் ஏறி நின்று கிரைண்டரை அழுத்தினான். முள் பொய் சொல்கிறது என்பதை வைத்தே வயிறு வளர்க்கிற நாங்கள், அந்த வண்டி எதற்காகப் பட்டறைக்கு வந்திருக்கிறது என்பதை மறந்து முள்ளை நம்பினோம். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பெரிய சத்தமெல்லாம் கேட்கவில்லை. குப்பென்று ஒரு மூச்சு. தகட்டுக்குக் கீழேயிருந்து நெருப்பு எழுந்து மாப்பிள்ளையின் கைகளை விழுங்கி, முகத்தை நக்கிவிட்டு நின்றது. அவன் கிரைண்டரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான், விடத் தெரியவில்லை. காலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினேன். அக்கா சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புச் சிலிண்டரைப் பிடுங்கி அழுத்தினாள். அதிலிருந்து காற்றுகூட வரவில்லை. அதன் முள் மட்டும் பச்சையில் நின்றது. மணலை அள்ளி அள்ளிக் கொட்டித்தான் அணைத்தோம்.

முதலாளி வந்தார். மாப்பிள்ளையை வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம், தோல் உரிந்த கையை அவன் முன்னால் நீட்டிப் பிடித்திருக்கிறான். முதலாளி மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு கேட்டார்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலியே?"

மனுஷி வயிற்றில் பிறந்தவன் கேட்கிற கேள்வியா அது? பெட்ரோல் குடித்து எனக்கு வந்த குமட்டலெல்லாம் குமட்டலே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையையும் தலையணை மாதிரி கட்டிவைத்திருந்தார்கள். விரல் பிழைக்குமா என்று தங்கை கேட்டதற்கு டாக்டர், பார்ப்போம் என்றார். இரண்டு மூன்று தடவை தோல் வைக்க வேண்டியிருக்கும், செலவை உங்கள் பட்டறைதானே ஏற்கும் என்றும் கேட்டார். ஏற்கத்தானே வேண்டும் என்றேன். எனக்கே என் குரல் ஓட்டையாகக் கேட்டது.

மறுநாள் காலையில் முதலாளி எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குளிரூட்டிய அறை. எங்கள் செருப்பு தரையை அழுக்காக்கும் என்று வெளியே விடச் சொன்னார்கள். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. நடந்ததில் தனக்கும் வருத்தம்தான் என்று ஆரம்பித்தார். நாளைக்குத் தொழிலாளர் அதிகாரி விசாரிக்க வருகிறார். ஆளாளுக்கு ஒன்று சொன்னால் பட்டறையைப் பூட்டவேண்டி வரும், எல்லார் வயிறும் காயும். ஆகவே எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வேலை நேரத்தில் சிகரெட் பற்றவைத்தான், அதில்தான் பிடித்துக்கொண்டது. இவ்வளவுதான்.

பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் வெண்ணெய் தடவியிருந்தது.

"நீ அவனுக்குச் சொந்தம். நீ சொன்னா எடுபடும். மேஸ்திரி வேலைக்கு எனக்கு ஒரு நல்ல ஆள் வேணும். யோசிச்சுக்க. ஆஸ்பத்திரிக்கும் நான் பாத்து ஏதாவது செய்வேன், கருணையா."

கருணையாம். சட்டப்படி தரவேண்டியதைப் பிச்சையாக மாற்றிக் கையில் போடுகிறான். வாங்கினால் என் தங்கை புருஷன் தன் விரலைத் தானே எரித்துக்கொண்டவன் ஆகிவிடுவான், நஷ்டஈடு கிடையாது, வேலை கிடையாது. வாங்காவிட்டால் அடுத்த வாரத் தோல் வைத்தியத்துக்கு எங்கே போவது? பக்கத்தில் நின்ற மேஸ்திரி, தன் வேலையைத் தனக்கு முன்னாலேயே ஏலம் போடுவதைக் கேட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.

நான்தான் வாயைத் திறந்தேன்.

"முதலாளி, எங்கள்ல யாருமே சிகரெட் பிடிக்கறதில்ல."

"யாருமேவா?"

"பம்பு உடைஞ்சதிலேர்ந்து. வாயால பெட்ரோல் இழுக்கிறவன் அதே வாயில நெருப்பு வைப்பானா?"

முதலாளி விழித்தார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. எத்தனை காலமாக அவர் எதிரே நடமாடுகிறோம், எங்கள் வாய் நாறுவது தெரிந்ததே தவிர, ஏன் நாறுகிறது என்று அவர் ஒரு தடவையும் யோசித்ததில்லை.

வயரிங் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"பொய் சொல்றதுன்னாலும் எங்களைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லியிருக்கலாம்."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரே குடும்பம் என்ற பேச்சு பறந்துபோயிற்று. வேலை செய்ய வக்கில்லாதவர்களுக்குப் பேச்சு என்ன பேச்சு, வெளியே வண்டி நிற்கிறது, போய் வெட்டுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போங்கள் என்று எங்களை முற்றத்துக்கு விரட்டிக்கொண்டு வந்தார். குச்சிக்காரருடைய வண்டிதான் நின்றது. டிரைவர்கள் நாலைந்து பேர் சாவியோடு சுற்றி நின்றார்கள்.

நான் உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன். முள் அடியில் கிடந்தது. கிரைண்டரை எடுத்து முதலாளியிடம் நீட்டினேன்.

"முள்ளு காலின்னு காட்டுது முதலாளி. நேத்து அந்த வண்டியிலயும் இதையேதான் காட்டுச்சு. நீங்க வெட்டுங்க."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோஷத்தில் வாங்கிவிட்டார். வண்டியின் பின்பக்கம் ஏறியும் நின்றார். கிரைண்டரைத் தகட்டின்மேல் வைத்தார், விரல் பொத்தானுக்கு மேல் போயிற்று. முதலில் பின்வாங்கியது மேஸ்திரிதான். இரண்டடி, பிறகு இன்னும் இரண்டடி. அதை முதலாளி பார்த்துவிட்டார். அவருடைய வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. விரல் இறங்கவே இல்லை. கிரைண்டரைத் தகட்டிலேயே வைத்துவிட்டு, இது தன் வேலையில்லை என்று முனகிக்கொண்டு இறங்கினார்.

"எங்க வேலையும் இல்ல," என்றாள் அக்கா. கிரைண்டரை எடுத்து வயரைச் சுருட்டினாள். வயர் தரையில் நெளிந்து நெளிந்து வந்தது. அதன் நுனியைச் சுவரில் யாரும் செருகியிருக்கவே இல்லை. அவ்வளவு ஆத்திரத்திலும் செருக எங்களுக்கு மனசு வரவில்லை.

குச்சிக்காரர் டாங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டு எடுத்தார். பாதி வரைக்கும் ஈரம். அதை முதலாளியின் மூக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். பிறகு தன் வண்டிச் சாவியை உருவி எடுத்துத் தரையில் வைத்தார். முள் சரியாகாத வண்டியை எடுக்கமாட்டேன், அதற்காக ஒருத்தனை எரிக்கவும் விடமாட்டேன் என்றார். மற்ற சாவிகளும் ஒவ்வொன்றாக விழுந்தன.

பம்பு வேண்டும், டாங்கை இறக்கித்தான் வேலை, பழையபடி மாதச் சம்பளம், மாப்பிள்ளையின் வைத்தியம் முழுவதும் பட்டறைச் செலவு. இதைச் சொல்லிவிட்டு வெளியே வந்தோம். மேஸ்திரி எங்களோடு வாசலைத் தாண்டவில்லை. ஆனால் கதவைச் சாத்து என்று முதலாளி உள்ளேயிருந்து கத்தியும் அவர் சாத்தாமல் நின்றார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மாப்பிள்ளைக்கு உதடு வீங்கியிருந்தது. மெல்லத்தான் பேசினான்.

"பொத்தானை அழுத்தலியா மச்சான்?"

"அழுத்தல."

சிரிக்கப் பார்த்தான், வலித்தது. சிரிக்கவைத்துக் கொல்லாதே என்று தங்கை என்னைத் திட்டினாள். திட்டிவிட்டு, நாளைக்கு அந்த அதிகாரி வரும்போது தானும் வாசலில் வந்து நிற்பதாகச் சொன்னாள்.

மறுநாள் விடியற்காலையில் எல்லாரும் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். அதிகாரி எப்படிப்பட்டவர் என்று எங்களுக்குத் தெரியாது. முதலாளியின் குளிர் அறையில் அவருக்கும் ஒரு நாற்காலி தயாராக இருக்கும். மாப்பிள்ளையின் விரல்கள் பிழைக்குமா என்பதும் தெரியாது. தங்கை ஒரு பெரிய பாத்திரத்தில் டீ கொண்டுவந்து ஊற்றிக் கொடுத்தாள். வழக்கம்போல நாக்கு எரியப்போகிறது என்று கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு வாய் குடித்தேன்.

டீ டீயாகத்தான் இருந்தது. பக்கத்தில் அக்காவும் குச்சிக்காரரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் அதிகாரியின் கார் திரும்பியதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் சேர்ந்து எழுந்தோம்.