குப்பு என்கிற சங்கமித்திரை

மகிழினி சிரிக்கப் பழகும் முன்பே போய்விட்டாள். எழில்மொழி ஒரு வார்த்தை பேசாமலே போனாள். இரண்டு பெயரையும் என் வீட்டுக்காரர் பீம்ராவ்தான் பார்த்துப் பார்த்து வைத்தார். இரண்டு பேருக்கும் நெஞ்சுச் சளி, மூச்சு வாங்கி வாங்கி என் மடியிலேயே அடங்கினார்கள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

எர்ணாவூர் குடியிருப்பில் எங்களுக்குக் கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் சீனியம்மாள் அக்கா தெற்கத்திக்காரர். குழந்தையைப் பார்க்க வந்தவர் என் காதோடு சொன்னார்:

"ரெண்டு தங்கலைல்லா? இதுக்குக் குப்புன்னு பேரு வையி. எங்க அண்ணனுக்கு முன்ன மூணு போச்சு. குப்பாண்டின்னு வச்சாவ, இன்னைக்கும் கல்லு மாதிரி இருக்காவ. குப்பைய எமன் தொடமாட்டாம்மா."

சாயங்காலம் கன்டெய்னர் யார்டு வேலை முடிந்து வந்த வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றவில்லை, கத்த ஆரம்பித்துவிட்டார்.

"என் தாத்தா பேரு இன்னா தெரியுமா? குப்பன். பெத்தவங்க வெச்சதில்ல. மீஞ்சூர் பக்கம் பண்ணையில 'டேய் குப்பா'ன்னு கூப்டுகினே இருந்தானுங்க, அதுவே நெலச்சிப் பூட்ச்சு. அதுக்குத்தான் எங்க நைனா எனுக்கு பீம்ராவ்னு வெச்சாரு. எவன் என்னைக் கூப்டாலும் அந்தப் பேரைச் சொல்லித்தான் ஆவணும். இப்போ என் பொண்ண நானே குப்பைன்னு கூப்டணுமா?"

சீனியம்மாள் வீட்டில் அது எமனை ஏமாற்ற அவர்களே வைத்துக்கொண்ட பெயர். எங்கள் வீட்டில் அது எவனோ வைத்துவிட்டுப் போன பெயர். எனக்கும் அது புரியாமல் இல்லை. ஆனால் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவளிடம் நியாயம் பேசினால் வயிறு எரியத்தான் செய்யும்.

"நோவு பேர்ல இல்ல ராஜாத்தி, காத்துல கீது," என்று ஜன்னல் கட்டையை விரலால் தேய்த்துக் காட்டினார். காலையில்தான் துடைத்திருந்தேன். அதற்குள் அனல்மின் நிலையத்துச் சாம்பல்.

"அப்போ வூட்ட மாத்து," என்றேன்.

விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். எங்கே போவது? வியாசர்பாடியில் குடிசையை இடித்து எங்களை இங்கே கொண்டுவந்து போட்டவர்கள் காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சங்கமித்திரை என்று பெயர் வைத்தார். கடல் தாண்டிப் போய் புத்தரைச் சொன்னவளாம். அவர் எதிரில் நான் மித்திரை என்பேன். அவர் வேலைக்குப் போனதும் குப்பு, குப்பு என்பேன், எமன் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே. அவளும் அதற்குத்தான் திரும்பினாள். குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், அக்காமார் செய்யாததையெல்லாம் செய்தாள். பெயர் வேலை செய்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

ஒரு நாள் சீக்கிரம் வந்தவர் கேட்டுவிட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. கதவோரமாகவே உட்கார்ந்துவிட்டார்.

"மூணு தலமொறையா அந்தப் பேரத் தொடச்சிகினு கீறோம்டி," என்று அழுதார். அதன் பிறகு அந்தப் பெயரை நான் சொல்லவில்லை.

மார்கழியில் பனியும் புகையும் சேர்ந்து இறங்கின. பிள்ளைக்கு இளைப்பு கண்டது. ஒரு மத்தியானம் உதடு நீலமாகிவிட்டது. ஆட்டோ பிடித்தோம். ரோடு முழுக்கத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. இவர் இறங்கி ஒவ்வொரு லாரியாகக் கதவைத் தட்டினார். முன்னால் நிற்பவன் நகராமல் பின்னால் இருப்பவன் எப்படி நகர்வான்? திரும்பி வந்து பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கினார். முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் காதில் வாயை வைத்தார்.

"குப்பு," என்றார். "ஏ குப்பு. நைனா கூப்டறேன் பாரு. குப்பூ..."

அந்த மனுஷன் வாயில் அந்தப் பெயர் வந்ததுமே எனக்குத் தெரிந்துபோயிற்று. லாரிக்காரர்கள் எட்டிப் பார்க்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

பொம்பளை சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்றார்கள். இரண்டு தடவை அவர்கள் பேச்சைக் கேட்டாயிற்று, இந்தத் தடவை கேட்காமல் கூடவே போனேன். குழி வெட்டியவர், "பேரு இன்னாம்மா?" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். "குப்புன்னே சொல்லு," என்றார். "அதுக்குத்தான் திரும்பும்."

தொட வேண்டியவன் தொட்டுவிட்டான். இனி யாரை ஏமாற்ற?

"சங்கமித்திரை," என்றேன். குழி வெட்டியவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, நிமிர்ந்து பார்த்தார். சத்தமாகச் சொன்னேன்.

"சங்கமித்திரை. பீம்ராவ் பொண்ணு."