ரீனியின் மடக்குத் துப்பாக்கி

ஃபேர்பேங்க்ஸில் முப்பத்தொரு வருடம் துப்பாக்கிக் கடை வைத்திருந்தேன். கரடிக்கென்று பெரிய ரைபிள் வாங்கிப் போனவர்களின் முகம் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை. மடக்குத் துப்பாக்கி கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பியவர்களைத்தான் மறக்க முடியவில்லை.

அது சின்னச் சாமான். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குழல். உட்கார்ந்திருக்கும் முயலுக்கு மேல் குழலில் சின்னத் தோட்டா, பறக்கிற காட்டுக்கோழிக்குக் கீழ்க் குழலில் ஈயக் குண்டுமணிகளாய்ச் சிதறும் ரவைத் தோட்டா. நடுவில் மடித்தால் விமான இருக்கைக்கு அடியில் போய்விடும். தோளில் ஊன்றும் பின்கட்டைக்குள்ளேயே பதினைந்து சின்னத் தோட்டாவும் நாலு ரவைத் தோட்டாவும் அடங்கும். பார்க்கத் தகரக் கடையில் தட்டியதுபோல் இருக்கும். தெற்கே நகரங்களில் அதை யாரும் சீண்டவில்லை, கம்பெனி செய்வதை நிறுத்திவிட்டது. நிறுத்திய பிறகுதான் அலாஸ்காவில் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. விமானம் ஓட்டுகிறவர்கள், பொறி வைத்துப் பிழைக்கிறவர்கள், ஆற்றோரக் குடிசைகளில் தனியாக இருப்பவர்கள் என்று கேட்டவர்களின் பெயரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். கம்பெனிக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டேன். பதிலுக்கு வேறொரு துப்பாக்கியின் படம் வரும்.

1978 செப்டம்பரில் எங்கோ சரக்குக் கிட்டங்கி மூலையில் கிடந்தது என்று ஒன்றே ஒன்று வந்தது. என் அக்கா ரீனி முதலில் வந்து எடுத்துக்கொண்டாள். பத்து நிமிடம் கழித்து வெண்டல் வந்தார். அக்காவின் முன்னாள் கணவர், மிதவை விமானம் ஓட்டுகிறவர். விவாகரத்து ஆகி மூன்று வருடம் ஆகியும் எனக்கு அவர் மாமாதான்.

“அக்காவும் தம்பியும் சேந்து என் தலையில மொளகா அரைச்சிட்டீங்களேடா மாப்ள,” என்றார்.

ரீனி துப்பாக்கியை மடக்கித் தோள்பையில் செருகிக்கொண்டே சொன்னாள்: “இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்துல ஒரு நாளாவது நேரத்துக்கு வந்திருக்கியா நீ?”

அத்தனை சண்டைக்கும் நடுவில், அடுத்த வியாழக்கிழமை குளிர்காலமெல்லாம் அவள் தனியாகத் தங்கும் குடிசைக்கு அவர்தான் அவளைக் கொண்டுபோய் விடவேண்டும். சாண்டலார் ஆற்றுக்கு மேலே அந்தக் குட்டி ஏரியில் இறங்க அவரைத் தவிர யாரும் துணியமாட்டார்கள். ஏரி உறைவதற்குள் போனால்தான் உண்டு.

போனார்கள். சேர்ந்ததாகத் தகவல் வரவில்லை.

நடந்ததைப் பிறகு இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். பனிமூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று வெண்டல் கிழக்கே ஒதுங்கியிருக்கிறார். அங்கே எஞ்சின் நின்றது. பெயரில்லாத ஒரு குட்டையில் இறக்கினார். மிதவை பாறையில் கிழிந்து விமானம் குப்புறக் கவிழ்ந்தது. அவசர ரேடியோ, மாவு மூட்டை, அவருடைய பெரிய ரைபிள் எல்லாம் தண்ணீருக்குள். கரையேறியது இரண்டு பேரும் ரீனியின் தோள்பையும்தான். வெண்டலுக்குக் கணுக்கால் முறிந்திருந்தது.

பையில் ஒரு தகரக் குவளை, கத்தி, மெழுகு பூசிய தீக்குச்சிகள், மடக்குத் துப்பாக்கி.

முதல் நாள் பதற்றத்தில் எந்தக் குழல் என்று பார்க்காமல், கிளையில் சும்மா உட்கார்ந்திருந்த கோழியை ரவையால் அடித்துவிட்டாள். பாதி இறைச்சி சிதறிப்போனது. வெண்டல் ஒரு வார்த்தை திட்டவில்லையாம். மிச்சத்திலிருந்து ஒவ்வொரு ரவையாகப் பொறுக்கி, குவளையில் கஞ்சி மாதிரி வேகவைத்து முதலில் அவளிடம் நீட்டினார். அதன்பிறகு அவள் வேட்டைக்குப் போவாள், நடக்க முடியாத அவர் நெருப்பைப் பார்த்துக்கொள்வார். ஒரு நாள் முயல், ஒரு நாள் ஒன்றுமில்லை, ஒரு நாள் இரண்டு கோழி.

ஏழாம் நாள் மலைக்கு அந்தப் பக்கம் விமானச் சத்தம் கேட்டது. வானத்தைப் பார்த்துச் சுடு என்றார் வெண்டல். ரீனி மறுத்துவிட்டாள்.

“எஞ்சின் சத்தத்துல துப்பாக்கிச் சத்தம் கேக்குமா? பைலட்டு நீ. நீயே சொல்லு.”

“கேக்காது.”

“அப்புறம் ஏன் சுடச் சொல்ற?”

“சும்மா உக்காந்திருக்க முடியல ரீனி. உன்ன இங்க கொண்டாந்து போட்டது நான்தானே.”

அவர் அழுதாராம். கூடக் குடித்தனம் நடத்திய அத்தனை வருடத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை. தோட்டாவைக் குழலிலிருந்து எடுத்துப் பின்கட்டைக்குள் போட்டுவிட்டு, பச்சை ஸ்ப்ரூஸ் மரக் கிளைகளை வெட்டிவந்து நெருப்பின் பக்கத்தில் குவித்தாள். இனிச் சத்தம் கேட்டால் புகை போடலாம் என்றாள்.

ஒன்பதாம் நாள் காலையில் அந்தப் புகையைப் பார்த்தது நான்தான். தேடப் போன விமானத்தில் பின்சீட்டில் இருந்தேன். கீழே இரண்டு பேரும் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. பைலட்டின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

இரண்டு பேரும் மறுபடி சேர்ந்துவிடுவார்கள் என்று ஊரே எதிர்பார்த்தது. சேரவில்லை. வெண்டல் துப்பாக்கியைக் கேட்டுப் பார்த்தார், அவள் தரவில்லை. ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும் இரவல் கொடுத்தாள். இலையுதிர்காலத்தில் அவளைக் குடிசைக்குக் கூட்டிப்போகும் முன் எண்ணெய் போட்டுத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார். பின்கட்டைக்குள் தோட்டா முழுசாக இருக்கும். இருபது வருடம் இப்படியே ஓடியது. என் கடையில் வைத்துக் கைமாறும்போது ஒருவரையொருவர் வாருவார்கள், நான் காப்பி போடுவேன். அவர்கள் போனபிறகு கடை வெறிச்சென்று இருக்கும்.

வெண்டல் 1999இல், துப்பாக்கியை இரவல் வாங்க வருவதற்கு முன்பே, மாரடைப்பில் போய்விட்டார். அந்த இலையுதிர்காலத்தில் துப்பாக்கி ரீனியிடம் இருந்தது. அவள் குடிசைக்குப் போகவில்லை.

கடையை நான் மூடின வருடம், ரீனி வந்து நோட்டைப் புரட்டினாள். நூற்றுக்கு மேல் பெயர். பாதிப் பேர் இறந்திருந்தார்கள். கடைசியில் இருந்தவள் அர்லீன், ஆற்றோரக் கிராமங்களுக்குத் தானே விமானம் ஓட்டிப்போகும் நர்ஸ். ரீனி அவளைப் போனில் கூப்பிட்டு, துப்பாக்கியைக் கொடுத்தேவிட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மாமா ஞாபகமாக வைத்திருக்கலாமே என்றேன்.

“சுவத்துல மாட்டவாடா அதச் செஞ்சாங்க? அந்தப் பொண்ணு தனியா பறக்குறா.”

காப்பியை எடுத்து ஆற்றினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

“அன்னிக்கு எங்களத் தேடி நீ இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருக்கலாம்டா. அஞ்சு தோட்டா மிச்சமிருந்துச்சு.”